ஐந்து நாட்டுத் தொட்டி

உலகத்தின் எரிபொருள் பஞ்சம் எங்கள் கல்லூரி விடுதிக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையை ஒட்டி, ஒருவழியாக முடிவுக்கு வந்துவிட்டதாகத் திட்டப் பொறுப்பாளர் தணிகாசலம் அறிவித்தார். ஐந்து நாடுகள் கூடிக் கட்டிய சாண எரிவாயுத் தொட்டி அது. மீட்டர் ஒரு நாடு, குழாய் ஒரு நாடு. அடுப்பு தரவேண்டிய நாட்டின் பெட்டி இன்னும் துறைமுகத்தில் கிடந்தது. சாணம் மட்டும் உள்ளூர்.

சாணம் கரைத்து ஊற்றும் சிட்டம்மா தினமும் தொட்டிச் சுவரில் காதை வைத்துக் கேட்பார்.

"என்னக்கா, புள்ள உதைக்குதா?" என்று எங்கள் முன்னால் கேலி செய்வார் தணிகாசலம்.

"குமிழி விடுற சத்தம் கேட்டா உள்ள கேஸ் இருக்குன்னு அர்த்தம் சார்."

"அதுக்குத்தான் ஃபாரின் மீட்டர் வச்சிருக்கு."

அந்த மீட்டர் மூன்று வாரமாகப் பூஜ்யத்திலேயே நின்றது. கேஸ் இல்லையா, மீட்டர் பழுதா என்று கேட்டால் ஒவ்வொரு நாடும் அடுத்த நாட்டைக் கேட்கச் சொன்னது. இன்று ஐந்து நாட்டு அதிகாரிகளும் செல்போன் திரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கேஸ் இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள். தணிகாசலத்துக்கும் சிட்டம்மாவுக்கும் நாளை முதல் வேலை இல்லை.

இருக்கிறதா, இல்லையா என்று கேட்டது திரை. தணிகாசலம் சிட்டம்மாவைப் பார்த்தார்.

"நான் சொன்னா ரிப்போர்ட்ல எழுதுவீங்களா சார்? நீங்களே கேளுங்க."

சிட்டம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். சாணம் காய்ந்த சுவரில் மெல்லக் கன்னத்தைப் பதித்தார். திரையில் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். அவர் உதட்டில் ஒரு விரலை வைத்துக் காட்டினார்.

முதல் தடவையாக ஐந்து நாடுகளும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டன.