கூடைக்கு ஒரு நாற்காலி

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயப் பாடகர் குழுவில் மேல்குரல் ரோஸ்லினுடையது. உச்ச சுரம் வந்தால் மட்டும் நெஞ்சிலிருந்து கத்திவிடுவாள்.

"நெஞ்சுக்குரல விட்டுட்டு தலையில பாடும்மா," என்றார் குழுவை நடத்தும் றொபின்சன் மாஸ்டர்.

"கூடைக்கயிறு மாட்டுனாத்தான் மாஸ்டர் எனக்குத் தலை இருக்குறதே தெரியும்."

"அப்ப மாட்டிக்கிட்டே பாடு!"

எல்லோரும் சிரித்தார்கள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்திருந்த ரோஸ்லின், வெறுங்கூடையை முதுகில் போட்டுக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிப் பாடினாள். கயிறு அழுத்திய இடம் கிண்ணென்று அதிர, சுரம் குருவியாகக் கூரைக்கு ஏறியது.

நெஞ்சுக்குரலும் ஓயவில்லை. கூடைக்குள்ளிருந்து, சுருதி பிசகாமல், கீழ்க்குரலில் பாடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்தவில்லை. மூன்று வருடமாகக் குழுவில் கீழ்க்குரலுக்கு ஆளே இல்லை.

அதன்பின் ரோஸ்லினுக்குக் கயிறில்லாமலே தலைக்குரல் வந்தது. நெஞ்சுக்குரல் கூடையிலேயே தங்கிவிட்டது.

கிறிஸ்து பிறப்பின் நத்தார் ஆராதனையில் கூடைக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, பூவும் சுற்றினார்கள். கோயில் நிறையச் சனம். பாட்டின் கடைசி அடிக்கு முன் மாஸ்டர் கையை உயர்த்தினார். எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். நாற்காலியில் கூடையின் மூங்கில் பட்டைகளும் மெல்ல விரிந்தன.