ஒன்றாக ஏறாத அலைகள்

மதிய உணவு வேளை. சோதனைக்கூடத்தில் அவள் மட்டும் இருக்கிறாள். நுண்ணோக்கியின் வெள்ளை வெளிச்சத்தில், அவள் வடிவமைத்த மின்னணுச் சிப்பு அரிசிமணியை விடச் சிறிதாக மின்னுகிறது. அதற்குள் மின்னலைகளை வலுவாக்கும் நான்கு பெருக்கிகள். நான்கின் அலைகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்தான் வெளிவாசலில் கூடி வலுக்கும். திரையில் அந்த வலுவைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. மூன்றாம் முறையாக, சிப்பைத் தொட்டு அளக்கும் ஊசிமுனைகளைத் தூக்கி இறக்குகிறாள். கோடு அசைவதாக இல்லை. வரைபடத்தைத் திறக்கிறாள். வலது பாதியைத் தனியாக வரையச் சோம்பல்பட்டு, இடது பாதியைக் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டி ஒட்டியிருக்கிறாள். பார்க்க வண்ணத்துப்பூச்சி மாதிரி அழகுதான். ஆனால் புரட்டியதில், அலைகளை வெளிவாசலுக்குக் கடத்தும் அந்தப் பக்கத்துக் கம்பிச்சுருளின் முனைகள் இடம் மாறிவிட்டன. இரண்டு அலைகள் ஏறும்போது மற்ற இரண்டும் இறங்கி, ஒன்றையொன்று தின்று தீர்க்கின்றன. கணினியில் ஒரு பாதியை மட்டுமே ஓட்டிப் பார்த்திருந்தாள். ஆறு மாத உழைப்பு.

கைப்பேசி அதிர்கிறது. வேலைக்காக வேறு ஊரில் இருக்கும் கணவன்.

“என்னம்மா, சிப்பு...”

“ஏங்க, இங்க...”

இருவரும் ஒரே சமயத்தில் தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்துகிறார்கள்.

“நீ சொல்லு.”

“இல்ல, நீங்க சொல்லுங்க.”

அங்கே யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். “அப்புறம் பேசட்டுமா?”

“ம், சரிங்க.”

கருவிகளின் விசிறிகள் இரைகின்றன. சிப்பைத் தாங்கும் உலோகத் தட்டின் ஓரத்தில் அவள் உள்ளங்கையை வைக்கிறாள். நான்கு பெருக்கிகளும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. தட்டு சுடுகிறது. கையை எடுக்காமல் அப்படியே நிற்கிறாள்.