பொய் வராத பிள்ளை

கணக்கெல்லாம் அப்புறம், முதலில் பொய்யே வராத பிள்ளையாக்கித் தருகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது நான் நம்பவில்லை. ஆறே வருஷத்தில் என் மகள் கோமுவை அப்படி ஆக்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் என் பெண்டாட்டி, "பிழைச்சிருவேனாடி?" என்று அவளிடம் கேட்டாள்.

"இல்லம்மா. சாயந்தரம் வரைக்கும் தாங்காது."

டீ குடிக்கிற சாக்கில் வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது உயிர் போயிருந்தது.

கடைசியில் என்னைத் தேடினாளா, திட்டினாளா? மூன்று மாசமாகத் தொண்டைவரை வருகிறது. கேட்டால் கோமு உள்ளதைச் சொல்லிவிடுவாள்.

இன்றைக்கும் அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"என்னப்பா, ஏதோ கேக்க வந்த?"

"சோறு வெந்துருச்சான்னுதான்."

"இன்னும் அஞ்சு நிமிஷம்," என்றாள்.

நம்பிவிட்டாள்.