கருத்துக் கேட்ட பலகை

ரொறன்ரோ மண்டபத்தில் கூட்டம் கலைகிறது. அரசுப் பூங்காவுக்குள் கொட்டேஜ் என்னும் விடுமுறை வீடு வைத்திருப்பவர்களிடம் புதிய கட்டணம் பற்றிக் கருத்துக் கேட்ட அதிகாரி, கோட்டை மாட்டிக்கொண்டே பலகையைத் துடைக்கும்படி கைகாட்டிவிட்டுப் போகிறார். குழல்விளக்கு வெளிச்சத்தில் கூட்டத்தில் ஒருவர் கேட்டதை அவர் எழுதிய சோக்கட்டி எழுத்துகள் வெளிறித் தெரிகின்றன: 'பனிக்காலம் முழுக்கப் பாதையைப் பூட்டுகிறீர்கள். அள்ளாத குப்பைக்கு ஏன் கட்டணம்?' துப்புரவு வேலை பார்க்கும் தியாகலிங்கம் டஸ்டரோடு நின்று பலகையைக் காட்டிக் கேட்கிறார்: "உதை ஒருத்தரும் எழுதி எடுக்கேல்லையோ?" கூட்டத்துக்குப் போட்ட கதிரைகளை அடுக்கும் பேபி, "இல்லை அண்ணை. புதுக் கட்டணத்தை முதலே அச்சடிச்செல்லோ கொண்டுவந்தவை" என்கிறாள். அந்தக் கேள்வியைக் கேட்ட வெள்ளைக்காரக் கிழவி, மறந்துபோன கையுறைக்காகத் திரும்பி வருகிறாள். பலகையையும் டஸ்டரையும் மாறிமாறிப் பார்க்கிறாள். டஸ்டரைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வெளியேறுகிறாள். கதவு படாரென்று அடிக்கிறது. பேபி தியாகலிங்கத்திடம் ஈரத்துணியை நீட்டுகிறாள்.