பருத்த சப்பரம்

செபஸ்தியார் கோயில் சப்பரத்துக்குத் தன் உடம்பை நினைத்தால் ஒரே வெட்கம். திருவிழாவுக்கு எல்லாத் தெருவும் சுற்றும். தெற்குத் தெரு முக்கு வந்ததும் மட்டும், "தெரு குறுகல், சப்பரம் நுழையாது" என்று திருப்பிவிடுவார்கள். அந்தத் தெருக் கித்தேரியம்மாள் முக்கில் மெழுகுதிரியோடு நின்று கும்பிட்டுவிட்டுப் போவாள்.

இந்த வருஷம் கொடியேற்றத்தன்று, சப்பரக் கொட்டகையில் கட்டியிருந்த மாவிலையைத் தின்ன அவளுடைய ஆடு வந்தது.

"உங்க தெருவுக்கு வர எனக்கும் ஆசைதான். என்ன செய்ய, இப்படிப் பருத்துக் கிடக்கேனே" என்றது சப்பரம்.

ஆடு மெல்வதை நிறுத்தியது. "யாரு சொன்னா? தண்ணி லாரி தினமும் எங்க தெருவுக்குள்ள வருதுல்லா? அது என்ன ஒல்லியா?"

சப்பரத்துக்குச் சுருக்கென்றது.

பவனியன்று முக்கில் வழக்கம்போலத் திருப்பினார்கள். சப்பரம் அசையவில்லை. கட்டை கொடுத்துத் தள்ளினார்கள், செபம் சொல்லித் தள்ளினார்கள். ம்ஹும்.

"நேராத்தான் தள்ளிப் பாருங்களேன்" என்றபடி கித்தேரியம்மாளே வந்து கை வைத்தாள். மற்றவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். பங்குச் சாமியார் மட்டும் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

இரண்டு பேர் தள்ளியதற்கே சப்பரம் கடகடவென்று தெருவுக்குள் உருண்டது.

"பார்த்து, பார்த்து! சுவரில் இடிக்கும்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்.

சப்பரத்துக்கும் சுவருக்கும் நடுவே, ஆடு தன் இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு சாவகாசமாக நடந்து போனது.