சுகப்பிரியா சரிசெய்த பட்டன்

சுகப்பிரியா கைபேசியின் மேல்மூலையில் இருந்த பேக் பட்டனை அழுத்தினாள். முந்தைய பக்கம் வந்தது. திரும்ப உள்ளே போனாள். நிரப்பிய விவரமெல்லாம் அப்படியே இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த பாண்டிராஜுக்கு வயிறு எரிந்தது.

ஆடு விற்பவர்களுக்கான செயலி அது. ஆட்டின் படம், எடை, விலை எல்லாம் போட்டுவிட்டு, எதையாவது பார்க்கப் பின்னால் போனால் அத்தனையும் அழிந்துவிடும். ஒரு வாரமாக அவன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நரிக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள், போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவள், காலை டீ வருவதற்குள் முடித்துவிட்டாள்.

செயலியின் நிரலில் ஒரே ஒரு வரிதான் சேர்த்திருந்தாள்.

"நீங்க பாத்துக்கிட்டிருந்த எடத்துலதாண்ணே இருந்துச்சு" என்று கைபேசியை நீட்டினாள்.

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தான். வாங்கவில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு நூல்கடையின் மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு முதல் ஆளாக வந்தவன் அவன். முதலாளி பொன்ராஜ் எதற்கும் அவனைத்தான் கூப்பிடுவார்.

இன்று அவளைக் கூப்பிட்டார்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் ஏதோ சொன்னாள். பொன்ராஜ் திரும்பி, வெளியே உட்கார்ந்திருந்த பாண்டிராஜைப் பார்த்தார். சிரித்தார். அவளும் சிரித்தாள்.

தன்னைத்தான் சொல்கிறாள். ஒரு வாரம் உட்கார்ந்து ஒன்றும் கிழிக்கவில்லை என்று சொல்கிறாள்.

மதியம் எல்லோரும் சாப்பிட எழுந்துபோனதும், அவள் சேர்த்த வரியை அவன் நீக்கினான். வாடிக்கையாளருக்குக் காட்ட வைத்திருந்த கைபேசியில் செயலியை மறுபடி ஏற்றினான்.

பிறகு கை கழுவிவிட்டுப் போய் அவர்களோடு உட்கார்ந்தான். சுகப்பிரியா தன் டப்பாவிலிருந்து கத்தரிக்காய்ப் பொரியல் எடுத்து அவன் சோற்றில் வைத்தாள். அதையும் தின்றான்.

சாயங்காலம் செயலியைச் செய்யச் சொன்ன ஆட்டு வியாபாரி சீனிச்சாமி வந்தார். தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, தன் கறுப்புக் கிடாயின் விவரத்தை நிரப்பினார். படத்தையும் சேர்த்தார். பேக் பட்டனை அழுத்திவிட்டுத் திரும்ப உள்ளே வந்தார்.

பக்கம் வெறுமையாக இருந்தது.

"என்னப்பா, கிடாயவே காணோம்?"

சுகப்பிரியாவின் முகம் வெளிறிப்போனது. பாண்டிராஜுக்கு உள்ளுக்குள் இனித்தது. முதலாளி அவளைப் பார்த்துத் திரும்பப்போகிற நொடிக்காகக் காத்திருந்தான்.

பொன்ராஜ் அவனைப் பார்த்துத் திரும்பினார்.

"என்ன பாண்டி இது? பாண்டியண்ணன்தான் ஒரு வாரமாக் கெடந்து சரி பண்ணாகன்னு காலைல இந்தப் பிள்ள அம்புட்டுப் பெருமையாச் சொல்லுச்சு. அத நம்பித்தான இவுகள வரச் சொன்னேன்!"