நாலு குரலும் ஒரே பக்கம்

தேவாலயக் கிணற்றடியில் நான்கு தவளைகள் ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. உச்சக் குரலான சோப்ரானோ தவளை மெட்டைப் பாட, ஆல்டோவும் டெனரும் அடிக்குரலான பேஸும் அதற்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

சுவரில் இருந்த பல்லி, பாடகர் குழுவின் ஆர்மோனியத்துக்குப் பின்னாலேயே வளர்ந்தது. அதற்குப் பாட்டை ரசிக்க வராது, ஆராயத்தான் வரும். நான்கு குரலும் சேரும் ஒவ்வொரு இடத்துக்கும், அது எத்தனையாவது சுரத்தின் மேல் நிற்கிறது என்று பார்த்து எண் போட்டது.

"இது ஒண்ணு. இது நாலு. இது அஞ்சு... ஐயய்யோ, நிறுத்துங்க! நாலு குரலும் சேர்ந்து மேலே போகுதே! சோப்ரானோ ஏறினா பேஸ் இறங்கணும். எல்லாரும் ஒரே பக்கம் போறது பெரிய தப்பு."

"சரிங்க சார்," என்றது பேஸ் தவளை.

அப்போது புல்லை விலக்கிக்கொண்டு ஒரு சாரைப்பாம்பு வந்தது. நான்கு தவளைகளும் ஒரே பாய்ச்சலில் வலப்பக்கம் தாவின.

"தப்பு! தப்பு! ஒருத்தராவது எதிர்ப்பக்கம் போங்க!" என்று கத்தியது பல்லி.

பாம்பு சுவர்ப்பக்கம் தலையைத் தூக்கியது. பல்லி வாலை அங்கேயே உதறிவிட்டுத் தவளைகளுக்குப் பின்னால் ஓடியது.

பேஸ் தவளை தாவிக்கொண்டே திரும்பிக் கேட்டது: "சார், இப்போ அஞ்சு பேரும் ஒரே பக்கம் போறோம். எதிர்ப்பக்கத்துக்கு உங்க வால் மட்டும் போதுங்களா?"